பம்பாய் அம்மாவின் இங்கிலீஷும் என் வயிற்றெரிச்சலும்

செழியா,

நலமா என்று கேட்கச் சொன்னாள் உன் அம்மா. கேட்டுவிட்டேன். அதைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்து மேசைமேல் கிடக்கிறது. உன் பெயர் இருக்கிறது, மருமகள் பெயர் இருக்கிறது, மண்டபத்தின் பெயர் இருக்கிறது. ‘தலைமை’ என்று போட்டு அதற்கு நேரே மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறான். அந்த இடத்தில் பெரிய வீட்டுப் பம்பாய் அம்மாவின் பெயரைப் போடச் சொல்லி டெல்லியிலிருந்து எழுதியிருக்கிறாய். காரணமும் சொல்லியிருக்கிறாய், ‘நான் இன்று பேசுகிற இங்கிலீஷ் அவங்க போட்ட பிச்சை’ என்று. சுயமரியாதைக்காரன் வீட்டுப் பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது? அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உன் அம்மாவிடம் பித்தம் என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்தேன். பித்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பொறாமை. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ஒரு பொம்பளையைப் பார்த்து எனக்குப் பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருந்தால் சோறு இறங்கவில்லை.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் தலைமை என்பது என்ன மரியாதை என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓமம் இல்லை, மந்திரம் இல்லை. மேடை, மைக், மாலை, அவ்வளவுதான். மாலையை எடுத்துக் கொடுப்பது தலைமை தாங்குகிறவர். உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லிக் கொடுப்பதும், தாலியை மாப்பிள்ளை கையில் கொடுப்பதும் அவர்தான். வலங்கைமானிலிருந்து சீர்காழி வரைக்கும் நான் எத்தனை கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்தக் கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகள் இப்போது ஓட்டுப் போடுகிறார்கள். ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் பிள்ளைக்கெல்லாம் மாலை எடுத்துக் கொடுத்தவனுக்கு, தன் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருக்காதா? பெற்ற அப்பனே தலைமை தாங்குவது வழக்கமில்லைதான். அப்பன் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்க வேண்டும், பந்தியில் சாம்பார் வந்ததா என்று பார்க்க வேண்டும். வழக்கத்தை உடைத்துத்தானே இந்தக் கல்யாணமே வந்தது, இதையும் உடைத்தால் என்ன என்று எனக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுகூடத் தயார் செய்துவிட்டேன். சாயங்காலம் மடை பார்க்கப் போகும்போது வரப்பில் நின்று பேசிப் பார்ப்பேன். இதுவரைக்கும் அதைக் கேட்டது நாலு கொக்குகள் மட்டும்தான்.

அப்படியிருக்க, நீ போய் யார் பெயரைச் சொல்கிறாய்? நம்மை நிலத்தை விட்டு வெளியேற்றக் கோர்ட்டுக்குப் போன வீட்டு மருமகள் பெயரை. அந்தக் காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நம் ஆட்சி வந்துவிட்டது, உழுகிறவனுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்று நாங்கள் தெருவில் வெடி போட்டோம். குத்தகைதாரர் என்று பதிவு செய்துகொள்ள நானும் மற்றவர்களும் மனு கொடுத்தோம். உடனே பெரிய வீட்டுச் சின்னவர், அதாவது பம்பாய் அம்மாவின் புருஷன், ‘இவங்க குத்தகைக்காரங்களே இல்ல, எங்ககிட்ட கூலிக்கு வேலை பாத்தவங்க’ என்று எதிர்மனு போட்டார். என் தாத்தா காலத்திலிருந்து அந்த மண்ணில் சாகுபடி செய்கிற என்னைக் கூலி ஆள் என்றார். அந்த வருஷம் சம்பா அறுவடைக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். நாங்கள் வரப்பில் கொடியோடு நின்றோம், போலீஸும் வந்து நின்றது. அன்று கிளைச் செயலாளர் என்ற முறையில் படிப்பகத்தில் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தது நான்தான். பெரிய வீட்டுக்கு யாரும் வேலைக்குப் போகக்கூடாது, பால் ஊற்றக்கூடாது, அந்த வாசலை மிதிக்கக்கூடாது. ஊரே கை தட்டி ஒப்புக்கொண்டது.

அறுவடைத் தகராறு ஓய்ந்து, கட்டுப்பாடு நீடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கலியபெருமாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

“ஏன் செயலாளரே, ஊருக்கெல்லாம் கட்டுப்பாடு போட்டீங்க. உங்க புள்ள பெரிய வீட்டுக் கொல்லையில கொய்யா மரத்தடியில ஜம்முனு உக்காந்து இங்கிலீஷ் படிக்குதே, அது எந்தக் கட்டுப்பாடு?”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து உன்னைப் பிடித்து உலுக்கினேன். நீ அழவில்லை, பொய்யும் சொல்லவில்லை. பால் கொண்டுபோன காலத்திலிருந்தே நடக்கிறது என்றாய். பம்பாயில் பிறந்து வளர்ந்தவர், இங்கே பேச்சுத் துணைக்கு ஆளில்லை, தமிழும் சரியாக வரவில்லை. அதனால் ஒப்பந்தம். ஒரு நாளைக்கு ஒரு இங்கிலீஷ் சொற்றொடர் அவர் தர வேண்டும், பதிலுக்கு ஒரு தமிழ்ப் பேச்சு நீ தர வேண்டும். வாசலை மிதிக்கக்கூடாது என்றுதானே சொன்னீங்க, நான் வாய்க்கால் பாலம் வழியா கொல்லைக்குத்தானே போறேன் என்று சட்டம் வேறு பேசினாய். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று உன் அம்மா சிரித்தாள்.

“என்னடா சொல்லிக் குடுத்தாங்க இன்னைக்கு?” என்று கேட்டேன்.

“அண்டர் த வெதர். உடம்பு சரியில்லன்னு அர்த்தம்ப்பா.”

“வெதர்னா?”

“மழை, வெயில், காத்து எல்லாம்.”

“மழைக்கு அடியில இருந்தா உடம்பு சரியில்லயா? அப்ப நடவு நடுற பொம்பளைங்க எல்லாம் எப்பவும் நோயாளிங்களா?”

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘தமிழும் ஆங்கிலமும் போதும், இந்தி வேண்டாம்’ என்று மேடை மேடையாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அந்த ஆங்கிலத்தில் எனக்கு ஒரு முழு வாக்கியம் தெரியாது. என் பிள்ளைக்கு அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை, எதிரி வீட்டுக் கொய்யா மரத்தடியில் அது சும்மா கிடைக்கிறது. போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா குறுக்கே வந்தாள். “நீங்க மேடையில கேக்குறதத்தான் அவன் கொல்லையில வாங்கிட்டு வர்றான். வுடுங்க” என்றாள். விட்டேன். டீக்கடையை மாற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ என்னைக் கேட்ட கேள்விகளெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. மடை திறக்கப் போனால் பின்னாலேயே வருவாய். “அப்பா, ரொம்ப அபூர்வமா ஒண்ணு நடந்தா எப்படி சொல்வீங்க?” அத்தி பூத்தாப்ல என்பேன். “பெரிய மழைக்கு?” வானம் பொத்துக்கிட்டு ஊத்துது என்பேன். “தெரிஞ்சும் தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு?” அதற்கு மட்டும் நான் ஊர் வழக்கைச் சொல்லவில்லை, சொந்தச் சரக்கை இறக்கினேன். குத்தகைக்காரர்கள் மனுவோடு போனால் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடும் ஒரு தாசில்தாரிடம் நாங்கள் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. “தாசில்தார் தூக்கம்டா” என்றேன். நீ அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாய். பிள்ளை என் தமிழைக் கேட்டு வளர்கிறான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதெல்லாம் மறுநாள் கொய்யா மரத்தடிக்குப் போகிற பண்டம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் அந்த வாய்தா. அன்று உனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்று கோர்ட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். சின்னவரின் வக்கீல் எழுந்து இங்கிலீஷில் பொழிந்தார். அதிகாரி தலையாட்டினார். எங்கள் வக்கீல் அன்றைக்கென்று பார்த்து வரவில்லை. நாங்கள் கும்பலாகக் கைகட்டி நின்றோம், எங்கள் தலையெழுத்தை எங்களுக்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். “டிராகிங் தெயர் ஃபீட்னு சொல்றாருப்பா. நாமதான் வேணும்னே கேஸை இழுத்தடிக்கிறோமாம்.” எனக்கு வந்ததே கோபம். “ஐயா, போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் வாய்தா கேட்டது அவங்க. இழுத்தடிக்கிறது யாரு?” என்று கோர்ட்டே அதிரக் கேட்டேன். அதிகாரி கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தார். ஆமாம் என்றார். வக்கீலின் முகம் செத்துப் போனது. இந்தக் கூட்டத்துக்கு இங்கிலீஷ் எப்படிப் புரிந்தது என்று சின்னவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே விசாரணையை எடுத்தார்கள். பதிவு நம் பக்கம் ஆனதற்கு அதுதான் முதல் படி.

வெளியே வந்ததும் எல்லோரும் உன்னைத் தூக்கிக்கொண்டார்கள். யாருடா சொல்லிக் குடுத்தது என்று கேட்டார்கள். நீ என் முகத்தைப் பார்ப்பாய் என்று எதிர்பார்த்தேன். “பம்பாய் அம்மா” என்றாய். என் கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்தது போல இருந்தது. நிலத்தில் நான் ஜெயித்தேன், பிள்ளையிடத்தில் அவர் ஜெயித்துவிட்டார் என்று பஸ் முழுக்க அதே நினைப்பு. பக்கத்தில் உட்கார்ந்து நீ வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாய். உனக்கு ஒன்றும் தெரியாது.

இவ்வளவு நாள் இதை உள்ளேயே வைத்திருந்தேன். நீ கல்லூரிக்குப் போனாய், பரீட்சை எழுதினாய், டெல்லிக்கு உத்தியோகம் என்று போனாய். இந்தி ஒழிக என்று கத்தியவன் பிள்ளை டெல்லியில் இந்திக்காரனோடு டீ குடிக்கிறான், அது வேறு கதை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியை வைத்துவிட்டு முதலில் பாலம் தாண்டித்தான் போவாய். வாங்கி வந்ததில் நல்ல பழம் அங்கே போகும். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ, அதனால் சொல்கிறேன். இப்படி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகாதே. உன் மனைவி உன்னைவிட வேறு யாரிடமோ அதிகமாகச் சிரித்துப் பேசுகிறாள் என்று தோன்றினால், அது அவள் அம்மாவோ, தங்கையோ, நாளைக்கு நீ பெறப்போகும் பிள்ளையோ யாராக இருந்தாலும், அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடு. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் ஆள் ஒன்றும் குறைந்துபோக மாட்டான். சிரிப்பார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் வைத்தால் அது முகத்தில் தங்கிவிடும், மற்றவர்கள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். என்னை இந்த ஊரில் கோபக்காரன் என்கிறார்கள், பாதி அதுதான்.

தலைமைக்கு அழைப்பதென்றால் வீட்டுக்குப் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். தபாலில் அழைக்க முடியாது. உன் அம்மா வெற்றிலை பாக்கு பழம் வைத்துத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். நான் போய் ‘உங்களுக்கு உடம்பு முடியாதே, வர முடியாதே’ என்று நானே எடுத்துக் கொடுத்து வேண்டாம் என்று சொல்ல வைத்துவிடலாம் என்ற திட்டத்தோடுதான் கிளம்பினேன். மறைக்கவில்லை. கட்டுப்பாடு போட்ட நாளிலிருந்து நான் மிதிக்காத வாசல் அது. சின்னவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எஞ்சிய கொஞ்சம் நிலத்தையும் வீட்டையும் பம்பாய் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்காருங்க என்றார், உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அப்புறம் அவரே சிரித்தார். “இப்படி முதல் பேச்சை ஆரம்பிக்கறதுக்கு பிரேக் த ஐஸ்னு செழியனுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஐஸ்னா தரங்கம்பாடியிலேர்ந்து மீன் வண்டியில வருமே அதுதானேன்னு கேட்டான். அதை உடைச்சாத்தான் மீன் கிடைக்கும், சரியாத்தான் சொல்லியிருக்கான் இங்கிலீஷ்காரன்னான்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு என் திட்டம் பாதி செத்தது. ஆனாலும் விடவில்லை. கோர்ட்டில் நடந்ததை நானே எடுத்தேன். “அன்னைக்கு உங்க வக்கீல் பேசினது எங்களுக்குப் புரிஞ்சது உங்களாலதான். வீட்டுல ஒண்ணும் கேக்கலையா?” என்றேன்.

“கேக்காம என்ன? அன்னைக்கு இந்த வீட்டுல வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு” என்றார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். “கொல்லைக் கதவைப் பூட்டச் சொன்னாரு. பூட்டினேன். சாவி எங்க இருக்குன்னு அப்புறம் அவரு கேக்கவே இல்ல. பையன் வர்றது அவருக்குத் தெரியும். அது தாசில்தார் தூக்கம்.”

செழியா, நான் வரப்பில் நின்று உண்டாக்கிய வார்த்தை அது. இந்த ஊரில்கூட என்னையும் உன்னையும் தவிர யாரும் சொல்ல மாட்டார்கள். அது பெரிய வீட்டுக் கூடத்தில், பம்பாயில் பிறந்த ஒரு பொம்பளை வாயில், வெகு காலம் புழங்கிய வார்த்தை மாதிரி வருகிறது. பேச்சு போகப் போகக் கவனித்தேன். பாதி என் பேச்சு. நீ அத்தி பூத்தாப்லதான் ஊருக்கு வருகிறாயாம். உன்னிடம் சுற்றி வளைக்காமல் கேட்டால்தான் பதில் வருமாம். அவர் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் உன்னிடம் எவ்வளவு இருக்கிறதோ, நான் சொன்ன தமிழ் அவரிடம் அவ்வளவு இருந்தது. பெருமையாக இருக்க வேண்டிய நேரம். எனக்கு அதற்கும் பொறாமைதான் வந்தது. என் வார்த்தைகளை என்னைவிட அழகாக அவர் சொல்கிறார்.

தட்டை நீட்டி, நீங்கள்தான் தலைமை தாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உடம்பு முடியாதே என்று எடுத்துக் கொடுக்க வாய் வரவில்லை. அவர் தட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

“வர்றேன். ஆனா மைக் முன்னாடி எனக்குத் தமிழ் வராது. இங்கிலீஷ்லதான் பேசுவேன். நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லணும், செழியன் அப்பா.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா.”

“தெரியாதுன்னா? இவ்வளவு நாளா என் இங்கிலீஷுக்கெல்லாம் தமிழ் யாரு சொன்னது? அவனா? அவனுக்கு அவ்வளவு பேச்சு ஏது? சாயங்காலம் வாங்க. நான் பேசப்போறதை ஒவ்வொண்ணாச் சொல்றேன். நீங்க அதுக்குத் தமிழ் சொல்லுங்க. மாலையும் தாலியும் ரெண்டு பேருமாச் சேந்து எடுத்துக் குடுக்கலாம்.”

இவ்வளவையும் தடங்கலில்லாத தமிழில், தஞ்சாவூர்க்காரி மாதிரி சொன்ன பொம்பளைக்கு மைக் முன்னால் தமிழ் வராதாம். அது எந்தத் தூக்கம் என்று எனக்குத் தெரியாதா? நான் தட்டோடு வரும்போதே என் முகத்தில் என்ன இருந்தது என்று அவர் படித்துவிட்டார். எனக்காக அந்த மைக்கில் பாதியை விட்டுக் கொடுக்கிறார். நிலம் போனபோதும் இப்படித்தான் விட்டுக் கொடுத்திருப்பார் போல. அந்தக் குணம் எனக்கு வரவில்லையே என்று அங்கே உட்கார்ந்தபடியே இன்னொரு பொறாமை. அதையும் அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் வாய் விட்டுச் சிரித்தார்.

இப்போது சாயங்காலமானால் நான் பாலம் தாண்டிக் கொல்லை வழியாகத்தான் போகிறேன். வாசல் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் படிக்கப் போகிறவன் போகிற வழி அதுதானே. கலியபெருமாள் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்கிறான், சொல்லட்டும். முதலில் ‘டை த நாட்’ பார்த்தோம். முடிச்சுப் போடுவதென்றால் அவர்களுக்கும் கல்யாணமாம். ஒரு முடிச்சோடு விட்டுவிடுகிறார்கள், நமக்கு மூன்று. நேற்று ‘கிரீன் வித் என்வி’ நடந்தது. பொறாமை முற்றினால் ஆள் பச்சையாகிவிடுவான் என்று சொல்கிறானாம் இங்கிலீஷ்காரன். “எந்தப் பச்சைம்மா? நாத்தங்கால் பச்சையா, நட்டு வேர் புடிச்ச பச்சையா, கதிர் வர்றப்ப இருக்குமே அந்தப் பச்சையா?” என்று கேட்டேன். நம் வயலில் எத்தனை பச்சை இருக்கிறது என்று இங்கிலீஷ்காரனுக்கு யார் சொல்வது என்றார்.

பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தலைமை என்பதற்கு நேரே அவர் பெயர். அதற்குக் கீழே, ‘தமிழில்: மணமகனின் அப்பா’. இப்படி யாரும் போட்டதில்லையே என்று அச்சகக்காரன் இழுத்தான். போடுய்யா என்றேன்.

இன்னொரு சேதி. நேற்று கிளம்பும்போது அவர் சொன்னார், “செழியனைவிட நீங்க சீக்கிரம் புடிச்சுக்கிறீங்க.” கேட்டுக்கொண்டாயா? உன் பம்பாய் அம்மா சொன்னது, என் காதால் கேட்டேன். கொய்யா மரத்தடியில் நீ உட்காருவாயே, அந்தக் கல்லில்தான் இப்போது நான் உட்காருகிறேன். இதைப் படித்ததும் உனக்கு வயிறு எரிந்தால் பித்தம் என்று நினைத்துக்கொள்ளாதே, மோரும் தேடாதே. கல்யாணத்துக்கு வருகிற வரைக்கும் நீ கொஞ்சம் எரிந்து பார்.

அப்பா